எண் யாருடையது? கார் கதவுகளில் எழுதப்பட்ட நாஸ்கார் வரலாறு

2010 மார்ச் மாதம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மார்ட்டின்ஸ்வில் பந்தயத் தடம். ஒரு முழுச் சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராத சிறிய தடம் அது. பிக்-அப் டிரக் உருவில் செய்த பந்தய வண்டிகள் அங்கே முட்டிமோதிக்கொண்டு ஓடின. அவற்றில் 60 என்ற எண்ணைத் தாங்கிய டொயோட்டாவை ஓட்டியவர் நம் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான அவர், அன்று நாஸ்கார் பந்தயத்திலும் முதல் இந்தியராக இறங்கி 13-ஆவது இடத்தில் முடித்தார். டிரக் பிரிவில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அபிமான ஓட்டுநர் விருதும் அந்த ஆண்டு அவருக்கே கிடைத்தது.

அந்த 60 அவருடைய எண்ணா? இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் வேறு பலர் அந்த எண்ணில் ஓட்டியிருக்கிறார்கள். நாஸ்காரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான்: இங்கே எண் ஓட்டுநருக்குச் சொந்தமில்லை. ஃபார்முலா 1-இல் 2014 முதல் ஓட்டுநரே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அணி மாறினாலும் உடன் எடுத்துச் செல்கிறார். லூயிஸ் ஹாமில்டன் மெர்சிடிஸிலிருந்து ஃபெராரிக்குப் போனபோது 44-உம் கூடவே போனது. நாஸ்காரில் அணி மாறுகிறவர் எண்ணை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடுதான் வெளியேற வேண்டும்.

எண்கள் அனைத்தும் நாஸ்கார் அமைப்பின் உடைமை. 0 முதல் 99 வரை நூறு எண்கள்; 00 முதல் 09 வரை பூஜ்யத்தில் தொடங்கும் இரட்டை இலக்கங்கள் இன்னொரு பத்து. (7 வேறு, 07 வேறு. இரண்டும் ஒரே பந்தயத்தில் ஓடியதுண்டு.) இவற்றை அமைப்பு அணி உரிமையாளர்களுக்கு ஒதுக்குகிறது. உரிமையாளர் தம் வண்டியில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். நிலம் ஒருவருடையது, குத்தகை இன்னொருவருடையது, உழுவது மூன்றாமவர். ஆனால் ஊர் அந்த வயலை உழுதவர் பெயரால்தான் அழைக்கிறது. நாஸ்காரின் எண் கதைகள் எல்லாமே இந்த இழுபறியிலிருந்து பிறந்தவை.

விரலை மடக்கி எண்ணிய காலம்

டேடோனா கடற்கரையில் இருந்த ஸ்ட்ரீம்லைன் ஓட்டலில் 1947 டிசம்பரில் பில் ஃபிரான்ஸ் என்பவர் கூட்டிய கூட்டத்திலிருந்து உருவானதுதான் நாஸ்கார் என்ற தேசிய ஸ்டாக் கார் பந்தயச் சங்கம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அது முறைப்படி பதிவானது. ஸ்டாக் கார் என்றால் விற்பனைக்கு இருப்பில் உள்ள கார், அதாவது கடையில் நீங்களும் நானும் வாங்கக்கூடிய சாதாரணக் கார் என்று பொருள். இன்று ஓடுபவை பந்தயத்துக்கென்றே செய்யப்படுபவை. ஷெவர்லே, ஃபோர்டு, டொயோட்டா என்ற சாயல் மட்டுமே மேலே இருக்கும். தொடக்கத்தில் அப்படியில்லை. கடைக்காரே மண் தடத்தில் இறங்கியது.

அத்தனையும் ஒரே மாதிரியான குடும்பக் கார்கள், ஒரே மாதிரியான புழுதி. எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கதவுகளிலும் கூரையிலும் பெரிதாக எண் எழுதினார்கள். ஒவ்வொரு காரும் கோட்டைக் கடக்கும்போது மனிதர்கள் உட்கார்ந்து காகிதத்தில் சுற்றைக் குறித்தார்கள். இன்று காரில் பொருத்திய மின்னணுக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் முதல் சில பத்தாண்டுகளில் ஒருவரின் வெற்றியும் தோல்வியும் குறிப்பவரின் கண்ணையும் அந்த எண்ணையும் மட்டுமே நம்பியிருந்தன.

34-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் ஷார்லட்டில் நடந்த முதல் உயர்மட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவர் கிளென் டன்அவே. பந்தயம் முடிந்தபின் அவருடைய ஃபோர்டைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தன. திருட்டுச் சாராயம் கடத்திய கார் அது. பாரம் ஏற்றினாலும் தாழாமல் ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு. அவரைத் தகுதிநீக்கம் செய்துவிட்டு, 34 என்ற எண்ணுடன் லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். நாஸ்காரின் உயர்மட்டப் பந்தய வரலாற்றில் முதல் வெற்றி எண் அது.

அதே 34 பதினான்கு ஆண்டுகள் கழித்து வெண்டல் ஸ்காட்டின் காரில் இருந்தது. வர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த கறுப்பின ஓட்டுநர். தன் காரைத் தானே பழுது பார்த்து, பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொண்டு, நிறவெறி உச்சத்தில் இருந்த தென்மாநிலங்களில் ஊர் ஊராகப் போய் ஓட்டியவர். 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் மண் தடத்தில் 200 சுற்றுப் பந்தயம். ஸ்காட் எல்லோருக்கும் முன்னால் அந்தத் தூரத்தை முடித்துவிட்டார். பந்தயம் முடிந்ததற்கான கொடி விழவில்லை. அவர் ஓடிக்கொண்டே இருந்தார். பக் பேக்கர் வெற்றியாளர் என்று அறிவித்து, கோப்பையும் கொடுத்து அனுப்பினார்கள். கூட்டம் கலைந்து சில மணிநேரம் கழித்துத்தான், சுற்றுக் கணக்கில் தவறு நேர்ந்துவிட்டது, ஸ்காட்டே வென்றார் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கதவில் 34 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது கண்ணில் படாமல் போயிற்று என்பதை என்னால் நம்ப முடியவில்லை. வெள்ளையர் கூட்டத்துக்கு நடுவே கறுப்பினத்தவர் ஒருவர் கோப்பையுடன் நிற்பதைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட்டின் குடும்பம் கடைசிவரை கருதியது. நானும் அப்படியே நினைக்கிறேன். 1990-இல் அவர் இறந்தார். 2015-இல் நாஸ்காரின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. அந்த வெற்றிக்கான கோப்பை 2021-இல்தான் குடும்பத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தை மைக்கேல் மெக்டவல் வென்ற காரின் எண்ணும் 34 என்பது தற்செயல். ஆனாலும் அந்தக் கார் கோட்டைக் கடப்பதைப் பார்த்தபோது எனக்கு ஸ்காட்டின் நினைவுதான் வந்தது.

தந்தைக்கு 42, மகனுக்கு 43

மேலே சொன்ன டேடோனா 500 என்பது இந்த விளையாட்டின் பெருவிழா. இரண்டரை மைல் தடத்தில் 200 சுற்று, மொத்தம் 500 மைல், அதாவது ஏறத்தாழ 805 கிலோமீட்டர். 1959-இல் நடந்த முதல் டேடோனா 500-இல் லீ பெட்டியின் 42-உம் ஜானி போஷாம்ப் ஓட்டிய 73-உம் பக்கம்பக்கமாகக் கோட்டைக் கடந்தன. ஒரு சுற்று பின்தங்கியிருந்த ஜோ வெதர்லியின் கார் வேறு அவற்றோடு சேர்ந்து ஓடியது. முதலில் போஷாம்ப் வென்றதாக அறிவித்தார்கள். பிறகு புகைப்படங்களையும் செய்திப்படச் சுருள்களையும் திரட்டிப் பார்த்து, மூன்றாம் நாள்தான் 42-க்கு வெற்றி என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

லீ பெட்டி மூன்று முறை சாம்பியன், விட்டுக்கொடுக்காத மனிதர். மகன் ரிச்சர்டு ஓட்ட வந்தபோது, தந்தையின் எண்ணுக்கு அடுத்ததான 43-ஐ எடுத்துக்கொண்டார். 1959 ஜூனில் அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் ரிச்சர்டு முதன்முறையாக வென்றுவிட்டார் என்று எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சுற்றுக் கணக்கு தவறு என்று ஒருவர் முறையிட்டார். அவர் லீ பெட்டி. திரும்ப எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. வெற்றி மகனிடமிருந்து தந்தைக்கு மாறியது. ரிச்சர்டு தன் முதல் வெற்றிக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருந்தார்.

காத்திருந்தவர் பிறகு நிற்கவில்லை. மொத்தம் 200 வெற்றிகள், ஏழு சாம்பியன் பட்டங்கள், ஏழு டேடோனா 500. 1967-இல் ஒரே பருவத்தில் 27 வெற்றிகள். அவற்றில் பத்து தொடர்ச்சியாக வந்தவை. 200-ஆவது வெற்றி 1984 ஜூலை 4 அன்று டேடோனாவில் வந்தபோது அமெரிக்க அதிபர் ரீகனே பார்க்க வந்திருந்தார். பெட்டி நீலம் என்று ஒரு வண்ணத்துக்கே பெயர் உண்டு. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த அந்த மனிதரை ரசிகர்கள் அரசர் என்கிறார்கள். பொதுவாக நட்சத்திரங்களுக்கு இப்படிப் பட்டம் சூட்டுவது எனக்கு உவப்பில்லை. பெட்டி விஷயத்தில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவருடைய 43-க்கு எதிர்நிலையில் நின்றது 21. வர்ஜீனியாவின் ஸ்டூவர்ட் என்ற ஊரில் வுட் சகோதரர்கள் 1950-இல் தொடங்கிய அணியின் எண் அது. இன்றும் அதே குடும்பத்திடம் இருக்கிறது. 1976 டேடோனா 500-இன் கடைசி வளைவில் பெட்டியின் 43-உம் டேவிட் பியர்சனின் 21-உம் மோதிச் சுழன்றன. பெட்டியின் கார் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றுபோனது. பியர்சன் சுழலும்போதே கிளட்சை மிதித்து இன்ஜின் அணையாமல் பார்த்துக்கொண்டார். நொறுங்கிய 21 தள்ளாடித் தள்ளாடி, சைக்கிள் வேகத்தில், கோட்டைக் கடந்து வென்றது.

21-ஐப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை அதற்கும் முந்தையது. 1963-இல் அதை ஓட்ட வேண்டியவர் மார்வின் பாஞ்ச். டேடோனாவில் வேறொரு பந்தயத்துக்கான மசெராட்டி காரைச் சோதித்து ஓட்டும்போது அது கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தவர்களில் ஒருவர் டைனி லண்ட் என்ற ஓட்டுநர். ஓட்டுவதற்குக் கார் கிடைக்காமல் அங்கே அலைந்துகொண்டிருந்தவர். மருத்துவமனையில் கிடந்த பாஞ்ச், தன் இடத்தை லண்டுக்குத் தரும்படி வுட் சகோதரர்களைக் கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்து லண்ட் 21-இல் டேடோனா 500-ஐ வென்றார். குத்தகை என்று சொன்னேனே, அந்த ஏற்பாட்டில்தான் இப்படியும் நடக்க முடியும்.

கறுப்புக் காரில் சாய்ந்த 3

கிரிக்கெட்டில் சச்சினின் 10-ஐயும் தோனியின் 7-ஐயும் இனி யாருக்கும் தருவதில்லை. நாஸ்காரின் உயர்மட்டப் பந்தயத்தில் எந்த எண்ணுக்கும் ஓய்வு கொடுப்பதில்லை. அந்தக் கொள்கைக்கு மிகக் கடினமான சோதனை 3.

அந்த எண்ணில் 1960-களில் ஜூனியர் ஜான்சன் வென்றிருக்கிறார். பிறகு ரிச்சர்டு சில்ட்ரஸ் என்பவர் தம் சொந்தக் காரில் 3-ஐப் போட்டுக்கொண்டு ஓட்டினார். 1981-இல், தன்னைவிடத் திறமையான ஒருவருக்குத் தன் இருக்கையைக் கொடுத்துவிட்டு அவர் உரிமையாளராக மட்டும் இருக்க முடிவு செய்தார். வந்து உட்கார்ந்தவர் டேல் எர்ன்ஹார்ட். முன்னால் போகும் காரின் பின்பக்கத்தை முட்டி விலக்கத் தயங்காதவர். 1980-இல் 2 என்ற எண்ணில் பெற்றது உட்பட ஏழு சாம்பியன் பட்டங்கள், 76 வெற்றிகள். 1988-லிருந்து அவருடைய கார் கறுப்பு. பின்கண்ணாடியில் அந்தச் சாய்ந்த 3 தெரிந்தாலே முன்னால் ஓட்டுபவரின் கை நடுங்கும் என்பார்கள்.

எல்லாம் வென்றவருக்கு டேடோனா 500 மட்டும் கைகூடவில்லை. 1998-இல், இருபதாவது முயற்சியில், சக்கர நாற்காலியில் வந்த ஒரு சிறுமி கொடுத்த ஒரு சென்ட் நாணயத்தைக் காருக்குள் ஒட்டிக்கொண்டு ஓட்டினார். வென்றார். எல்லா அணிகளின் பணியாளர்களும் கார்கள் டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பாதையில் வரிசையாக நின்று, மெல்ல வந்த அந்தக் காருக்குள் கைநீட்டி வாழ்த்தினார்கள். நாஸ்காருக்குப் புதியவர்கள் ஒரே ஒரு காட்சியைப் பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள் என்று நான் சொல்வேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2001 பிப்ரவரி 18 அன்று, அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் கார் சுவரில் மோதி எர்ன்ஹார்ட் இறந்தார். முதலில் வந்தது அவருக்குச் சொந்தமான அணியில் மைக்கேல் வால்ட்ரிப் ஓட்டிய 15. இரண்டாவது வந்தது மகன் டேல் ஜூனியரின் 8. தலையையும் கழுத்தையும் தாங்கும் பட்டை அந்த ஆண்டிலேயே எல்லா ஓட்டுநர்களுக்கும் கட்டாயமானது. சுவர்களில் அதிர்ச்சியை உள்வாங்கும் தடுப்புகளும் அடுத்தடுத்து வந்தன. அதன்பின் இன்றுவரை நாஸ்காரின் உயர்மட்டப் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை.

எண்ணை என்ன செய்வது? அமைப்பு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சில்ட்ரஸ் அந்தக் காரை வெள்ளையாக்கி, எண்ணை 29 ஆக மாற்றி, கெவின் ஹார்விக் என்ற இளைஞரிடம் கொடுத்தார். மூன்றே வாரத்தில் அட்லாண்டாவில் ஹார்விக் 0.006 விநாடி வித்தியாசத்தில் வென்று, ஜன்னல் வழியே மூன்று விரல்களை நீட்டினார். அந்தப் பருவம் முழுவதும் ஒவ்வொரு பந்தயத்தின் மூன்றாவது சுற்றிலும் வர்ணனையாளர்கள் மௌனமானார்கள். அரங்கில் ஆயிரக்கணக்கானோர் மூன்று விரல்களை உயர்த்தி நின்றார்கள். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் சில்ட்ரஸ் 3-ஐ விட்டுவிடவில்லை. 2014-இல் பேரன் ஆஸ்டின் டில்லனுக்காக அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு டேடோனா 500-இலேயே டில்லன் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். 2018-இல் பந்தயத்தையே வென்றார். எர்ன்ஹார்ட் வென்று சரியாக இருபது ஆண்டுகள். 3 திரும்பி வந்தது தவறு என்று வருந்திய ரசிகர்கள் பலர் உண்டு. அவர்களுடைய துயரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதின்மூன்று ஆண்டுகள் தரிசாகக் கிடந்த வயலில் மறுபடி பயிர் வந்ததாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

டேல் ஜூனியருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவருடைய 8 அவருடைய பாட்டனார் ரால்ஃப் எர்ன்ஹார்ட் ஓட்டிய எண். தந்தை விட்டுச்சென்ற அணியைச் சிற்றன்னை நடத்திவந்தார். அங்கிருந்து விலகி வேறு அணிக்குப் போனபோது 8-ஐத் தர அந்த அணி இசையவில்லை. 2008 முதல் அவர் 88-இல் ஓட்டினார். ஓர் எட்டு பறிபோனது, இரண்டு எட்டு கிடைத்தது என்று ரசிகர்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள்.

எண்ணிலிருந்து பிறக்கும் எண்

ரிச்சர்டு பெட்டி கடைசியாக ஓட்டிய 1992 நவம்பர் அட்லாண்டா பந்தயத்தில்தான் ஜெஃப் கார்டன் முதன்முறையாக இறங்கினார். எண் 24. அதுவரை அந்த எண்ணுக்குப் பெரிய வரலாறு இல்லை, அவர்தான் உண்டாக்கினார். நான்கு பட்டங்கள், 93 வெற்றிகள். அதே அணியில் ஜிம்மி ஜான்சனைக் கொண்டுவந்து, அவருடைய காருக்குப் பங்கு உரிமையாளராகவும் கார்டன் ஆனார். ஜான்சனின் எண் 48, அதாவது 24-இன் இருமடங்கு. 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள், பிறகு இரண்டு. பெட்டிக்கும் எர்ன்ஹார்ட்டுக்கும் சமமாக ஏழு.

அதிக வெற்றி குவித்த எண் எது என்று கேட்பீர்கள். 43 அல்ல, 11. கேல் யார்பரோ, டேரல் வால்ட்ரிப், டென்னி ஹாம்லின் என்று பலர் கைமாறிக் கைமாறிச் சேர்த்தது அது. அந்த ஹாம்லினும் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனும் சேர்ந்து 2021-இல் தொடங்கிய அணியின் பெயரே இரண்டு எண்கள்தான்: ஜோர்டனின் 23, ரோமன் இலக்கத்தில் ஹாம்லினின் 11. அந்த 23-இல் பப்பா வாலஸ் 2021 அக்டோபரில் டல்லடேகாவில் வென்று, வெண்டல் ஸ்காட்டுக்குப் பிறகு உயர்மட்டப் பந்தயம் வென்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநர் ஆனார். இடைவெளி 58 ஆண்டுகள். வாலஸ் அதற்கு முன் ஓட்டிய எண் 43.

அந்த அணியின் இரண்டாவது எண் 45. ஜோர்டன் சிறிது காலம் அணிந்த எண் அது. ஆனால் பழைய ரசிகர்களுக்கு 45 என்றால் ஆடம் பெட்டி. லீ பெட்டிக்குக் கொள்ளுப்பேரன், ரிச்சர்டுக்குப் பேரன், அந்தக் குடும்பத்தின் நான்காம் தலைமுறை. 2000 ஏப்ரலில் உயர்மட்டப் பந்தயத்தில் அறிமுகமானார். மூன்று நாள் கழித்து லீ பெட்டி காலமானார். அடுத்த மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் ஆடமும் போய்விட்டார். வயது 19. தந்தை கைல் பெட்டி தன் எண்ணை விட்டுவிட்டு மகனின் 45-ஐ எடுத்து ஓட்டினார். வழக்கமாகத் தந்தையின் எண் மகனுக்கு வரும். அங்கே மகனின் எண் தந்தைக்கு வந்தது.

ஜிம்மி ஜான்சன் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, பெட்டியின் 43 இருக்கும் அணியில் பங்கு உரிமையாளராகச் சேர்ந்தார். 2023 முதல் அவ்வப்போது தானும் ஓட்டுகிறார். பழைய 48 முந்தைய அணியிடமே இருப்பதால் அதைத் திருப்பிப்போட்டு 84 என்று எடுத்துக்கொண்டார். இதற்குள் 43-உம் தன் கணக்கை நிறைவு செய்திருந்தது. ரிச்சர்டு பெட்டியின் 200 வெற்றிகளில் சில வேறு எண்களில் வந்தவை. 2022 செப்டம்பரில் டார்லிங்டனில் எரிக் ஜோன்ஸ் வென்றபோதுதான் 43 என்ற எண் தனக்கென 200 வெற்றிகளை எட்டியது. அதே ஆண்டு அந்த அணி இன்னொரு காரின் கதவில் 42-ஐ எழுதியிருந்தது. லீயின் எண்ணும் ரிச்சர்டின் எண்ணும் மறுபடி ஒரே பட்டறையில் நிற்கின்றன.

2025 பிப்ரவரியில் நடந்த டேடோனா 500-இன் முதல் ஆறு இடங்களை ஓட்டுநர் பெயர் இல்லாமல், கதவில் இருந்தபடியே தருகிறேன். நான்காவது காரைப் பற்றி மட்டும் இங்கே ஒன்றும் சொல்லவில்லை. மற்ற ஐந்தும் உங்களுக்குத் தெரிந்தவை. 24, 45, 84, 19, 42, 48.